பிஷப்புக்கு வழிவிடுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி.
சகாதேகாஸ் பேராலயத்தின் பக்கச் சுவரோரம்
பிஷப் காத்திருக்கிறது.
பிஷப் என்பது கழுதை.
இடப்பக்கம் ஒரு பீப்பாய் மெஸ்கால், வலப்பக்கம் ஒன்று,
நெற்றியில் காகிதப் பூ,
ஊரார் பாவமெல்லாம் கேட்டுக் கேட்டு
அலுத்துப்போன முகம்.

நான் பெரிய மேளம் அடிப்பவன்.
பகலில் லாரி டயருக்கு ஒட்டுப் போடுகிறேன்.
இரண்டுக்கும் இதே கைதான்.
டயரில் காற்று வெளியே போகக் கூடாது,
மேளத்தில் உள்ளே நிற்கக் கூடாது.

இன்றைக்குப் பணம் கட்டியவள் எர்லிந்தா.
குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கு எழுதுகிறாள்.
ஐம்பத்தோரு வயது. பச்சைக் கோட்டு.
டியூபாக்காரன் எலியோதோரோ கேட்டான்:
"கல்யாணமா?"
"இல்லை."
"பிறந்தநாள்?"
"இல்லை."
"பின்னே?"
"பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.
பன்னிரண்டுக்கு முத்திரை குத்தினார்கள்.
ஒரு மணிக்கு உங்களுக்கு முன்பணம் கொடுத்தேன்.
முடிச்சுப் போடும்போது மட்டும்தான் மேளமா,
அவிழ்க்கும்போது ஆகாதா?"
எலியோதோரோ டியூபாவை வாயில் வைத்துக்கொண்டான்.
அவனுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

விருந்தாளிகள் ஆறு பேர்.
அலுவலகத் தோழிகள் மூவர், தங்கை மகன்,
மாடிவீட்டுப் பல் டாக்டர்,
யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாத ஒருவர்.
ஆளுக்கொரு குட்டி மண்குவளை
சிவப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்குகிறது.

கிளம்பினோம்.
இந்த ஊர்ச் சந்துகள்
மூச்சை உள்ளிழுத்து நிற்பவை.
சில இடங்களில் டியூபாவைப் பக்கவாட்டில் திருப்பினால்தான்
எலியோதோரோ நுழைய முடியும்.
ஓட வழியில்லாத சத்தம்
இளஞ்சிவப்புக் கல்லைப் பிடித்து மேலேறும்,
பால்கனியில் காயும் சட்டைகளை உலுக்கும்,
எட்டாயிரம் அடிக் குளிரில்
எங்கள் மூச்சோடு சேர்ந்து புகையும்.

மேளம் கேட்டால் இங்கே கதவு திறக்கும்.
யார் வீட்டு விசேஷம் என்று கேட்கும் வழக்கமில்லை.
முட்டைக்கடைக்காரர் ஒற்றைச் செருப்போடு வந்தார்.
மருத்துவ மாணவிகள்
இடுப்பெலும்புப் பக்கத்தில் விரலை வைத்தபடியே வந்தார்கள்.
மோந்தெரேயிலிருந்து வந்த ஒரு குடும்பம்
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி.
"மணமகள் வாழ்க!" என்றது கூட்டம்.
முதல் சந்தில் எர்லிந்தா அதைத் திருத்தவில்லை.
இரண்டாம் சந்தில் கையசைத்தாள்.
மூன்றாவதில், ஜன்னல் வழியே ஒருவர்
"மாப்பிள்ளை எங்கேம்மா?" என்று கேட்க
பிஷப்பைக் காட்டினாள்.
சிரிப்பு சந்தின் கோடிவரை போய்
குடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

சின்னச் சதுக்கத்தில், வற்றிய நீரூற்றருகே,
பிஷப் நின்றுவிட்டது.
இழுத்தார்கள், கெஞ்சினார்கள்,
பல் டாக்டர் அதன் வாயைக்கூடத் திறந்து பார்த்தார்.
சரி என்று அங்கேயே குவளைகள் நிரம்பின.
எர்லிந்தா என்னிடம் வந்தாள்.
நெற்றியில் வியர்வை, கோட்டில் பொத்தான் ஒன்று காணோம்.
"இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னே,
மழையில், இதே இடத்தில்,
தோல் கிழிந்துபோன மேளக்காரன் நீதானே?"

எத்தனையோ கல்யாணம் அடித்திருக்கிறேன்.
எந்த மணப்பெண்ணின் முகமும் நினைவில்லை.
கிழிந்த தோல் மட்டும் நினைவிருக்கிறது,
ஆட்டுத்தோல், முந்நூறு பேசோ.
"நான்தான்," என்றேன்.

"அன்றைக்குப் பாதியில் நின்றுபோனது.
மிச்சத்தை அடி."

அடித்தேன்.
யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் ஆடினாள்,
நன்றாக ஆடினாள் என்று சொல்ல மாட்டேன்.
முட்டைக்காரரின் காலை மிதித்தாள், செருப்பில்லாத காலை.
அந்த யாரோ ஒருவர் மட்டும்
தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.
மாணவிகள் புத்தகத்தைப் பிஷப்பின் முதுகில் வைத்துவிட்டு
வட்டத்துக்குள் குதித்தார்கள்.

பேசியது பதினொன்றரை வரை.
முடிந்தபோது மணி இரண்டு. மேற்கொண்டு கேட்கவில்லை.

காலையில் கடையில், இரும்பை நெம்பும்போது
காதில் இன்னும் டியூபா.
லாரிக்காரன் என்னவோ கேட்டான்.
இன்னொருமுறை சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.