கடைசிக் கட்டம்

உலான்பாதரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, குறைமாதப் பிஞ்சுகளின் வார்டில்
அட்டையும் பென்சிலுமாய் நான்.
தொடுமுன் ஒரு கட்டம், தொட்டபின் ஒரு கட்டம்.

நான் உட்கார்ந்திருக்கும்வரை
எல்லாக் கையும் பளபளக்கிறது.
டாக்டர் பூரெவ் என்னைப் பார்த்துக்கொண்டே
இரண்டு முறை தேய்க்கிறார்,
கட்டைவிரலைக்கூட விடாமல்.

தேநீருக்குப் போகுமுன்
கைத்திரவப் புட்டியில் பேனாவால் ஒரு கோடு.
திரும்பி வந்தால்
மூன்று பால் புகட்டல், ஓர் ஊசி, ஒரு புது வரவு
எல்லாம் முடிந்திருக்கிறது.
திரவம் கோட்டிலேயே நிற்கிறது.

கோபமாய்த்தான் போனேன் நர்ஸ் துலம்சுரெனிடம்.
அவள் பதில் சொல்லவில்லை, கையுறையை உரித்தாள்.
முட்டிக்கு முட்டி வெடிப்பு,
வெடிப்புக்குள் சிவப்பு.
"ஒரு ராத்திரிக்கு நூறு தடவை.
இதில் ஊற்றிப் பாருங்கள்."

லாக்கரில் ஆட்டுவால் கொழுப்பு ஒரு டப்பா வைத்திருக்கிறாள்.
விதிப்படி அது வார்டுக்குள் வரக்கூடாது.

'அலட்சியம்' என்று எழுதியிருந்ததை அடித்தேன்.
'களிம்பு, பன்னிரண்டு குழாய், நாளைக்கே.'

அப்போது ஏழாம் கண்ணாடிப் பெட்டியில் அழுகை.
ஆயிரத்து நூறு கிராம்.
பக்கத்தில் நான் மட்டும்.
துளைக்குள் கைவிட்டுப் பாதத்தைப் பிடித்தேன்.
அடங்கியது.

பிறகுதான் உறைத்தது:
தேநீர்க் கோப்பை, கதவுப்பிடி, பென்சில்,
அவளுடைய வெடித்த விரல்கள்,
இத்தனையும் தொட்ட கை.

யாரும் பார்க்கவில்லை.
கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதி
ஒரு சுழி போட்டேன்.