எட்டு நாளைக்கு ஒருக்கால்

போன முறை திங்கள், இம்முறை செவ்வாய்.
எட்டு நாள் கணக்கு எந்தக் கிழமையோடும் குடித்தனம் செய்யாது.
ஓல்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால்,
சப்பாத்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
பாட்டு இல்லை, கண்ணாடி இல்லை.
பல் வைத்தியரின் கதிரைகள் போல
வரிசையாய் இயந்திரங்கள்.

ரேட்டோ ஆணியைச் செருகுகிறான்: நூற்றுப் பதினெட்டு கிலோ.
பத்து எண்ணித் தள்ளு, பத்து எண்ணி விடு.
முதலாவது, கதவு திறக்கிற மாதிரி.
இரண்டாவதில் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்.
மூன்றாவதில் தொடைக்குள் அடுப்பு பற்றும்.
நாலாவதில் கால் இரண்டும்
மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய மோட்டார் சைக்கிள்:
உதறும், புகையும், ஆனால் போகும்.
ஐந்தாவது
நகராது.

அங்கேதான் ஆரம்பம் என்கிறான்.
நகராததை இன்னும் பத்து விநாடி தள்ள வேண்டும்.
எத்தனையோ இடத்தில் இலவசமாய்த் தோற்றவள் நான்,
இங்கே காசு கட்டித் தோற்கிறேன்.

தொண்ணூற்று நாலு விநாடி. ஃபெர்டிக்.
இப்படி ஐந்து இயந்திரம், மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.
"நிமிடத்துக்கு நாலு பிராங்கா?" என்கிறார் யோகரத்தினம்.
"பல்லுப் பிடுங்குகிறவனும்
ஒரு ஊசி போட்டுவிட்டுத்தானே கேட்பான்."

நவம்பரில் கொப்பி அடம்பிடித்தது.
118. 118. 118.
அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று
பள்ளிக்கூடத்தில் ஐம்பது தரம் எழுதிய கை இது.
நாலாம் நாள், ஒருவருக்கும் சொல்லாமல்,
ஆராவ் போய் வேறொரு ஜிம்மில் டிக்கெட் எடுத்து
ஒன்றரை மணித்தியாலம் அடித்தேன்.
அம்மி அசையவில்லை.
அடுத்த முறை 112லேயே கால் கைவிட்டது.
ரேட்டோ ஒன்றும் கேட்கவில்லை.
14 நாள் ஓய்வு என்று எழுதி
இரண்டு கோடு போட்டான்.

பதினாலு நாள்!
விடிய நாலு மணிக்கு வங்கியில் தரை துடைத்து,
பகலெல்லாம் ட்ரிம்பாக் முதியோர் இல்லத்தில்
படுக்கை மாற்றி, ஆள் திருப்பி,
இருபத்திரண்டு வருசத்தில் நான் சும்மா இருந்தது
இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.
ஓவர்டைம் வேண்டாம் என்றேன்,
காய்ச்சலா என்று மேலாளர் நெற்றியைப் பார்த்தாள்.
சோபாவில் கால் நீட்டினேன்.
யாருடைய வீட்டிலோ களவெடுக்கிற மாதிரி இருந்தது.

தள்ளுகையில் தசை வளர்வதில்லையாம்.
கிடக்கையில்தானாம்.
அதை எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கிக்கொண்டேன்:
வங்கி பூட்டி எல்லாரும் போன பிறகு
நாங்கள் வாளியோடு வருவோமே,
அப்படி யாரோ உள்ளே வருகிறார்கள்.
ஆட்கள் நடமாடினால் அவர்களுக்கு வேலை ஓடாது.
விளக்கை அணைத்துவிட்டு
நான்தான் வெளியே போக வேண்டும்.

ஒன்பதாம் நாள் ஏஷ்லிமான் அம்மா
குளியலறையில் சறுக்கி விழுந்தா.
தூக்கும் இயந்திரம் மூன்றாம் மாடியில்.
ஈரத் தரையில் நடுங்கிக்கொண்டு கிடந்தவவை
சட்டம் மறந்து, முழங்கால் மடித்து,
பத்து எண்ணி எழுப்பினேன்.
என் தோளைப் பிடித்தபடி
"உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?" என்றா.

பதினாலாம் நாள் ரேட்டோவிடம் பாவமன்னிப்புப் போலச் சொன்னேன்.
எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டான்.
அறுபத்தொன்று.
"ஏஷ்லிமான், 61, ஒரு தடவை" என்று
கொப்பியில் ஏறியது.
பிறகு ஆணி: நூற்றிருபது.
இரண்டே இரண்டு கிலோ. ஐந்தாவதும் போனது.
ஆறாவதில் தோற்றேன்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்குகிறேன்.
ஆரே ஆற்றிலிருந்து பனிமூட்டம் தண்டவாளம் வரை ஏறிவிட்டது.
என் ரயில் கதவு மூடப்போகிறது.
ஓடினால் பிடிக்கலாம்.
அடுத்தது இருபத்தொரு நிமிடத்தில்.

வாங்கு சில்லென்றிருக்கிறது.
இருக்கிறேன்.