ஓடுகிற குழாய்

க்டினியாவின் கப்பல் பட்டறையில்
முப்பத்தோரு வருடம் இரும்பை இரும்போடு சேர்த்தவன் நான்.
அதனால் டாக்டர் வியோலெட்டா ஹின்ட்ஸ்
திரையில் என் ஈரலைக் காட்டி
‘ஊசி நுனியில் மைக்ரோவேவ்,
பத்து நிமிடத்தில் கட்டி வெந்துவிடும்’ என்றபோது
பயத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வந்துவிட்டது:
எத்தனை மில்லிமீட்டர் வெளியே போகும் உங்கள் சூடு?

அவர் பேனாவை மூடிவைத்தார்.
யாரும் இதைக் கேட்பதில்லையாம்.
எத்தனை நாள் என்றுதான் கேட்பார்களாம்.

‘கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர்
நல்ல சதையையும் சேர்த்தே எரிப்போம்.
விளிம்பில் கஞ்சத்தனம் பார்த்தால் திரும்பி வரும்.’
தெரியும் என்றேன்.
நான் பார்த்த விரிசலெல்லாம்
தையலின் ஓரத்தில் தொடங்கியவை.

மூன்று கட்டிகள்.
பெருங்குடலை வெட்டிய தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது,
அதற்குள் அடுத்த ஊரில் குடியேற்றம்.
இரண்டு சுலபம்.
மூன்றாவதன் மேல் பேனா நின்றது.
அதன் முதுகில் உரசியபடி ஒரு பெரிய ரத்தக்குழாய்.
ஓடுகிற ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்,
அந்தப் பக்கம் சரியாக வேகாது.

இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
எண்பத்தொன்பதில், ஒரு மீன்பிடிக் கப்பலின் அடிவயிற்றில்
வால்வு சரியாக மூடாத குழாயைப் பற்றவைக்கச் சொன்னார்கள்.
உள்ளே தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டே இருந்தது.
மேலே மணி கோத்த மாதிரி பளபளவென்று தையல்,
சுத்தியலால் தட்டினால் செதிலாகப் பெயர்ந்தது.
ஃபோர்மேன் பஸிலி கெட்ட வார்த்தைகளில் சொன்னதன் சாரம்:
ஈரத்திடம் நெருப்பின் பாச்சா பலிக்காது.

‘பிறகு என்ன செய்தீர்கள்?’
டாக்டர் நிஜமாகவே கேட்டார்.
குழாய்க்குள் ரொட்டியை அடைத்தோம், என்றேன்.
ஓட்டம் நின்றது. வேலை முடிந்ததும் தானாகக் கரைந்துவிடும்.

அவர் சிரித்தார். நானும்.
ஹால்ஷ்கா மட்டும் கைப்பையின் ஜிப்பைத்
திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை.
கடல்காற்று ஜன்னலை உலுக்கியது.
வளையத்துக்குள் என்னை நகர்த்தினார்கள்.
முகமூடி வந்தது. என்னுடையது இல்லை,
மயக்கம் தருகிறவருடையது.
நெருப்பு வேலை செய்கையில்
நான் பார்த்துக்கொண்டிருக்காதது அதுதான் முதல்முறை.

விழித்தபோது வலித்தது வலது தோள்.
டார்ச் பிடித்த தோள்.
ஈரலுக்குத் தன் வலியை நேராகச் சொல்ல வராது,
தோளைத் தூது அனுப்பும், என்றாள் நர்ஸ்.
இரவு முப்பத்தெட்டரை காய்ச்சல்.
நெற்றியில் கை வைத்துப் பார்த்த ஹால்ஷ்கா
‘இன்னும் ஆறவில்லை நீ’ என்றாள்.

ஒரு மாதம் கழித்துப் படம்.
கட்டிகள் இருந்த இடத்தில்
அவற்றைவிடப் பெரிய கரிய வட்டங்கள்.
பெரிதாக இருந்தால்தான் நல்லதாம்.
மூன்றாவது மட்டும்
குழாய்ப் பக்கம் சப்பிப்போய்
ஒரு வெளிறிய கீற்று.
மிச்சமாக இருக்கலாம். தழும்பாகவும் இருக்கலாம்.
ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்.

சந்தேகமான தையலைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு,
தேதி எழுதி, பெயரின் முதலெழுத்தை இடுவது எங்கள் வழக்கம்.
டாக்டரும் அதையே செய்தார்.
திரையில் ஒரு மஞ்சள் வட்டம். தேதி. வி. ஹி.

டிராலி பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் பேச்சில்லை.
மூன்றாவதில்
‘ரொட்டியையா?’ என்றாள் ஹால்ஷ்கா.
பிறகு சிரிக்கத் தொடங்கினாள்,
ஒரு மாதம் தாமதமாக,
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை,
பார்த்த பிறகும்.