கிடைத்த துணியில்

பத்தொன்பது வருடமாக எனக்குச் சம்பளம்
குறை கண்டுபிடிப்பதற்கு.
திருப்பூர், அங்கேரிபாளையம் ரோடு, டியூப் லைட்டுக்கடியில்
ஒன்றரை ஷிப்ட்டு நின்று
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்ட அக்குள்,
எங்கே எது தென்பட்டாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவேன்.
என் கண்ணுக்குத் தப்பி ஒரு பனியன் கப்பலேறியதில்லை என்பார்
சூப்பர்வைசர்.
பொய்தான். கேட்க நன்றாயிருக்கும்.

வீட்டுக்கு வரும்போது இந்தக் கண்ணைக்
கழற்றி வைக்க முடிவதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் சென்னியப்பனுக்கு டயாலிசிஸ்.
சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு
நாலு மணி நேரம் ஏசிக் குளிரில் படுத்திருப்பார்.
சுருட்டிய இடம் இறுக்கிச் சிவந்து போகும்.
ஊசி ஏறும் நரம்பைத் தொட்டால்
உள்ளே தறி ஓடுகிற மாதிரி அதிரும்.

தோளிலிருந்து மணிக்கட்டுவரை
திறந்து மூடுகிற கையோடு ஒரு சட்டை.
அவ்வளவுதான் யோசனை.
அதற்கு மூன்று வருடம்.

ஜிப் என்றால் தோலில் சில்லிடும்.
டிச் பட்டன் என்றால் படுக்கையில் அழுத்தும்.
நூற்றெண்பது ஜிஎஸ்எம்மா, இருநூறா?
பெயருக்கு மட்டும் நோட்டில் எட்டுப் பக்கம்.
கோடு கோணிவிட்டதென்று கிழித்தவை தனி.
ஒரு தையல்கூட விழாத சட்டைக்கு
இருபத்தேழு அம்பு ஒட்டியிருந்தேன்.
அவர் சுருட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஆடியில் ஆர்டர் குறைவு.
கத்தரி தேடி சாம்பிள் ரூமுக்குப் போனேன்.
கொடியில் ஒரு குழந்தைச் சட்டை,
உடம்பு மஞ்சள், கை பச்சை, கழுத்துப்பட்டி வேறென்னவோ.
அதில் தொங்கிய அட்டை:
“கிடைத்த துணியில் தைத்தது. அளவு மட்டும் பார்க்கவும்.”

எத்தனை ஆயிரம் முறை பார்த்த அட்டை.
இதைச் சீமைக்கு அனுப்புவார்கள்.
கழுத்து அரை இஞ்ச் குறை, உயரம் கூட்டு என்று
மெயில் வரும்.
யாரும் அழுவதில்லை.
கட்டிங் மாஸ்டர் டீயைக் குடித்துவிட்டு
அடுத்ததை வெட்டுவார்.

அன்று சாயங்காலம் காதர்பேட்டையில்
மூட்டைக்கு அடியிலிருந்து
கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றரைக் கிலோ.
பிடித்த நிறமில்லை. இருந்த நிறம்.
எதிர்வீட்டு ஜெபமணியிடம் மெசின் இரவல்.
பெடலில் கால் வைத்துப் பத்து வருடமாகிறது,
தோள் தையல் நொய்யல் மாதிரி வளைந்தது.
பிரிக்கலாம் என்று ஊசியை எடுத்தேன்.
மணி ஒன்றேகால்.
பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை
போட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:
“என்ற ஊசி ஒரட்டாங்கைல புள்ளே.
நீ சோத்தாங்கைக்கல்லொ கதவு வெச்சிருக்கறே.”

துணியின் உள்பக்கத்தை மேலாக விரித்து வெட்டியிருக்கிறேன்.
நேற்றுச் சேர்ந்த ஹெல்ப்பர் பொண்ணுகூடச் செய்யாத தப்பு.
என் கை தானாகப் பைக்குள் போனது,
அம்பு ரோல் அங்கேதான் கிடக்கும்.

“இங்கெ குடுங்க பாக்கலாம்ங்க.”
பக்கத்துக் கட்டில் கருப்பணன்,
பல்லடத்து லாரிக்காரர்.
ஒரட்டாங்கையில் எழுதுகிறவர்,
அதனால் ஊசி சோத்தாங்கையில்.

உயரம் மூன்று இஞ்ச் குறைந்தது. தொப்புள் தெரிந்தது.
டிக், டிக், டிக், டிக் என்று
கை திறந்தது.
ஊசியோடு வந்த நர்ஸ் ஒரு நிமிடம் நின்று
ஒரு பட்டனை மூடித் திறந்து பார்த்தாள்.

“எத்தனைங்க?” என்றார் கருப்பணன்.

மூன்று வருட நோட்டில்
விலைக்கென்று ஒரு வரி இல்லை.

சென்னியப்பன் சட்டையில்லாமல் உட்கார்ந்து
குளிரில் உதறிக்கொண்டே சிரித்தார்.
செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள்.
கத்தரிப்பூ
முக்கால் கிலோ மிச்சமிருக்கிறது.