உப்பு வாளி

நீர்வேலி தெற்கு. மழை விட்டு ஒரு மணித்தியாலம்.
நெற்றியில் கட்டிய ரோச் வெளிச்சம் விழும் இடமெல்லாம்
வாழைத்தோட்டத்தின் நிலம்
கொஞ்சம் கொஞ்சமாய் இடம் மாறுகிறது.

கந்தோர் தந்த படிவத்தில் இரண்டு நிரல்.
ஊர் நத்தை. வந்தேறி நத்தை.
கீழே என் ஒப்பம், திகதி.

வந்த வழிக்கு ஆளுக்கொரு கதை.
வீடு கட்ட இறக்கிய மணலோடு என்றார் ஒருவர்.
கண்டியில் வாங்கிய அந்தூரியச் சாடிக்குள் என்றார் இன்னொருவர்.
"உந்தக் காம்புக்குள்ள இருந்துதான்..." என்று தொடங்கியவர்
என் கழுத்தில் தொங்கிய அரசாங்க அட்டையைக் கண்டு
இருமலாக்கி முடித்தார்.

எப்படி வந்தாலும் தின்னும்.
தவமலர் அக்காவின் அறுபது பப்பாசிக் கன்றில்
ஐம்பத்தொன்று, ஒரே கிழமையில்.
மதிலேறிச் சுண்ணாம்பையும் சுரண்டும்.
"தங்கட வீட்டுக்குப் பூச்சு வேலை செய்யுதுகள்" என்பார் அவர்.
வாழைக் கட்டைக்கு அடியில் பயறளவு மஞ்சள் முட்டை,
அள்ள அள்ள.

கிளுவைக் கதியாலில் இருந்தது வேறு.
சின்னிவிரல் நகமளவு வெள்ளைக் கூம்பு,
பேனை உதறினாற்போல் கரும்புள்ளி.
மாரிக்கு ஏறும். கோடைக்கு வாயை ஒட்டிக்கொண்டு
பட்டையோடு பட்டையாய்க் கிடக்கும்.
ஊரில் பெயர் கேட்டேன், ஒருவருக்கும் தெரியாது.
யாரையும் தொந்தரவு செய்யாததற்கு
யார் பெயர் வைப்பது?
மூன்று வருடம் முன்பு கதியாலுக்கு எட்டு, ஒன்பது.
இந்த மாரி நாலு வேலி தேடி இரண்டு.

ஆகவே வாளி. ஆகவே ஆனையிறவு உப்பு.

பெடியள் உரப்பையில் பொறுக்கிவந்து
ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்குள் நீட்டுகிறார்கள்.
இது?
தலையசைத்தேன். வாளி.
இது?
தலையசைத்தேன்.
உப்புத்தண்ணீர் நுரைக்கும் சத்தம், சோடா திறந்தது போல.
இது?

பதினேழாவதிலோ பதினெட்டாவதிலோ
என் பிடரி எனக்குத் தெரிந்தது.

கோயில் வீதி. மத்தியானம்.
முழங்காலில் வரிசையாய் நாங்கள்.
ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்த தலையாட்டி,
சாக்கில் இரண்டு ஓட்டை.
என்மேல் நின்ற கண் அசையாமல் கடந்தது.
இடப்பக்கம் இருந்த குணபூபனுக்குத் தலை அசைந்தது.
அவ்வளவுதான். ஒரு அங்குலம் இருக்குமா
அது கீழே போன தூரம்?
அவன் சைக்கிள் மூன்று நாள் கோயில் மதிலில் சாய்ந்திருந்தது.
நாலாம் நாள் யாரோ தள்ளிக்கொண்டு போய்
தகப்பனிடம் கொடுத்தார்கள்.

நத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
நத்தை நத்தை. பப்பாசி பப்பாசி.
நான் வாளியைக் கவிழ்க்கவில்லை.
அதன்பின் தலையை அசைக்கவுமில்லை,
வாயால் சொன்னேன்:
"ஆபிரிக்கா."
"ஆபிரிக்கா."
சேர் ஏலம் போடுறார் என்று பெடியள் சிரித்தார்கள்.

பிறகு, நகமளவில் ஒன்று.
குஞ்சில் எல்லாம் ஒரே மாதிரி.
மினுங்கும் ஈரத்தில் புள்ளியா சேறா தெரியவில்லை.
"போடுங்கோ சேர், தை பிறக்க உது கையளவு"
என்றார் தவமலர் அக்கா.
அவர் சொல்வதிலும் பிழையில்லை. ஐம்பத்தொரு கன்று.

"பொறு" என்றேன்.
யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது.

ஜாம் போத்தல். மூடியில் ஆணித்துளை. ஒரு கிளுவை இலை.
படிவத்தின் இரண்டு நிரலுக்கும் நடுவே
அடிமட்டம் இல்லாமல் ஒரு கோடு.

வந்தேறி: நானூற்றுப் பன்னிரண்டு.
ஊர்: இல்லை.
பொறு: ஒன்று.

விடிய, குசினி யன்னலில் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன்.
மூடிவரை ஏறி வாயை ஒட்டிக்கொண்டு நின்றது.
சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது, பாதி.
உப்பு மணக்கிற கையைக் கழுவிவிட்டுத் திறப்போம் என்று
கிணற்றடிக்குப் போக, ரெலிபோன்.
தவமலர் அக்கா.
"சேர், இண்டைக்கும் இருட்டிக்கொண்டு வருது.
வரேக்க நாலு கிலோ உப்பு."