கரிப்பட்டமுறிப்பில் ஒரு டொல்பின்

இரவு இரண்டே காலுக்கு றெஜிஸ் எடுத்தான்.
"அக்கா, டியில போட்டா இஞ்சின் கத்துது,
வான் நிண்ட இடத்திலேயே நிக்குது.
பின்னுக்கு மட்டும் போகுது."

கரிப்பட்டமுறிப்பு. இரண்டு பக்கமும் காடு.
உள்ளே நாற்பது கிலோ பாறை, கொஞ்சம் இறால்.
ஐஸ் இன்னும் மூன்று மணித்தியாலம் தாங்கும்.
முல்லைத்தீவு மீன்
டொல்பினின் வயிற்றில் தம்புள்ளைக்குப் போகுது என்று
வழக்கமாய் விடும் பகிடியை
இன்றைக்கு அவன் விடவில்லை.

படுக்கையில் இருந்தபடியே கேட்கத் தொடங்கினேன்.
வழுக்கி வழுக்கி விட்டதா, ஒரேயடியாய் விட்டதா?
"ஒட்டுசுட்டானில இருந்தே வழுக்கினது."
மணம்?
"கருகல் மணம். காடு எரியுதெண்டு நினைச்சன்."
மாரியில காடு எரியுமாடா.
இஞ்சினை நிப்பாட்டாதை. பார்க்கில போடு.
ஒயில் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில துடை.
"வெள்ளைத் துணிக்கு எங்கக்கா போவன்?"
போட்டிருக்கிற பனியன் என்ன நிறம்?

கொஞ்ச நேரம் இஞ்சினும் தவளைகளும் மட்டும்.
பிறகு, வெட்கப்பட்டவன் போல:
"ரோஸ் நிறம் அக்கா.
நேர்சரிப் பிள்ளையள் குடிக்கிற பால் மாதிரி."

சிவப்பென்றால் பயமில்லை.
கறுப்பென்றால் எரிந்தது, அதற்கும் ஏதாவது செய்யலாம்.
ரோஸ் என்றால் தண்ணி.
எங்க இறக்கினனீ?

"செவ்வாய்க்கிழமை வட்டுவாகல் பாலத்துக்கு மேலால பாய்ஞ்சது.
பஸ் போச்சுது. நானும் பின்னால போனன்."
எவ்வளவு உயரம்?
"கதவு மட்டம்."

நான் அந்தப் பாலத்தைக் கடைசியாய்க் கடந்தது நடந்து.
அதன்பிறகு எங்கே போவதென்றாலும் சுற்றித்தான் போவேன்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.
கியர் பெட்டிக்கு அது தேவையில்லாத தகவல்.

மூச்சுக் குழாயால் தண்ணி போயிருக்கும்.
தட்டுகளில் ஒட்டின கடதாசி ஊறிக் கழன்றிருக்கும்.
ஓடாதை. அங்கேயே நில். வாறன்.

ஒயில் கானை மோட்டர்சைக்கிளில் கட்டிக்கொண்டு
ஒலுமடு கழிய
எதிரே வந்த வாகனத்துக்குக் கண் சிவப்பாயிருந்தது.
கிட்ட வந்த பிறகுதான் விளங்கியது,
வான் முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் வருகிறது.
அவன் தலை யன்னலுக்கு வெளியே.
மேலில் பனியன் இல்லை.
"நிக்கச் சொன்னியள் அக்கா,
யானைக்கு ஆர் சொல்லுறது?"
நாலு கிலோமீற்றர். பின்னுக்கு.
ஏச எடுத்த வாய் சிரித்துவிட்டது.

ரக்ரர் ஒன்று கட்டி இழுத்து மாங்குளம் வர விடிந்துவிட்டது.
இறால் சந்தியிலேயே விற்றது.
பாறை பாதி விலைக்குப் போனது.

அடித்தட்டைக் கழற்றினோம்.
காந்தத்தில் இரும்புத்தூள்
பயந்த பூனையின் மயிர்போல் நிமிர்ந்து நின்றது.
"கழுவினா சரிவருமோ?"
மூன்று தரம் ஊத்தி மூன்று தரம் எடுப்பம்.
சரிவராட்டி பெட்டி மாத்த வேணும்.
அதுக்கு எத்தனை பாறை எண்டு நீயே கணக்குப் பார்.

முதல் தரம் வடிந்தது பால்.
இரண்டாம் தரம் அலசின பால்.
மூன்றாம் தரம் எடுத்து, புது ஒயில் விட்டு, டியில் போட்டேன்.
வான் கொஞ்சம் யோசித்தது.
பிறகு ஒரு சாண் முன்னால் வந்தது.

றெஜிஸ் கைதட்டினான்.
நான் இன்னும் தட்டவில்லை.
சூடேறின பிறகும் பிடிக்குதோ என்று
பார்க்க வேணும்.