காம்பில்லாத தோள்

பெர்கனில் மழை.
தேதி போடாமலே எழுதலாம் இந்த வரியை.

மூன்றாம் மாடியில் கட்டுரைகளை எண்ணுகிறேன்.
ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ என்று சொட்டியவை
இப்போது கூரைக் குழாயிலிருந்து கொட்டுகின்றன.

தோளில் பந்து இருந்த இடத்தில் கிண்ணம்,
கிண்ணம் இருந்த இடத்தில் பந்து:
அது பழைய தலைகீழ்.
புதிது, காம்பு இல்லாதது.
எலும்பின் நடுவே இறங்கும் உலோகக் கம்பி இல்லை;
விளிம்பில் ஒரு சின்னக் கிரீடம்,
அவ்வளவுதான்.

காம்பில்லை என்றால் பிடிமானம் எது?
ஐவிண்ட் தன் கட்டைவிரலைக் காட்டினார்.
வெட்டிய எலும்பின் முகத்தில் அழுத்திப் பார்ப்பார்,
ரொட்டி வெந்ததா என்று பார்ப்பவர்போல.
அமிழ்ந்தால் கம்பி.
தாங்கினால் கிரீடம்.
அந்த அழுத்தத்தை எந்த அலகில் எழுதுவது என்றேன்.
கையுறையைக் கழற்றியபடி சிரித்தார்.
அட்டவணையில் அந்தக் கட்டம்
இன்னும் காலி.

கட்டுரைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கரை சேர்கின்றன:
நீண்ட காலக் கண்காணிப்பு தேவை.
நூற்றுப் பதினேழு முறை அடிக்கோடிட்டேன்.
பென்சில் மழுங்கியது.

இன்று ஐந்தாம் ஆண்டு அழைப்பு.
ஓஸ்லௌக் ஹ்யெல்லே, எண்பத்தொன்று.
மீன் பெட்டிகள் தூக்கித் தூக்கித்
தசைநாண் நைந்து கிழிந்தவர்.

தலை வாரிக்கொள்ள முடிகிறதா?
"வார என்ன மிச்சம்?"
மேல் அலமாரி எட்டுகிறதா?
"எட்டுகிறது. வலித்த நாளில் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன்.
திரும்ப ஏற்றச் சோம்பல்."
முதுகுக்குப் பின்னால் கை போகிறதா?
ஃபியோர்டில் ஒரு படகு ஊதி ஓயும்வரை பேச்சில்லை.
"உள்ளாடைக் கொக்கியை முன்னால் மாட்டிப்
பின்னால் சுற்றிவிடுகிறேன்.
உன் தாளில் அதற்கு எத்தனை மதிப்பெண்?"
இரண்டு, என்றேன்.
"கஞ்சப் பயல்கள்."

பத்தாம் ஆண்டிலும் அழைப்போம்
என்று சொல்ல வேண்டும், விதி.
சொன்னேன்.
"எண்பத்தாறில் நான் போனை எடுக்காவிட்டால்
தோளைக் குறை சொல்லாதே."

சொல்ல மாட்டோம், ஓஸ்லௌக்.
எங்கள் வரைபடத்தில்
பழுதான மூட்டு மட்டுமே கோட்டைக் கீழே இறக்கும்.
மூட்டு நன்றாயிருக்க ஆள் போய்விட்டால்
கோடு நேராகவே போகும்,
அதன்மேல் மயிரிழையளவு
ஒரு குறுக்குக் கீறல்.
பார்வையாளர்கள் அதை
அச்சுப்பிழை என்று நினைப்பதுண்டு.

வைத்துவிட்டார்.
மதிப்பெண்களைக் கூட்டினேன். அறுபத்தெட்டு.
எந்தக் கையில் போனைப் பிடித்திருந்தார்?
கேட்டிருக்கலாம்.
தாளில் இல்லை.